மருந்து என்ற ஒரு சொல்

பொருள்களின் தன்மையை ஆராயும் விஞ்ஞானம், மொழி நூல், மருத்துவம், சமுதாய இயல் - இந்த நான்கு துறைகளிலும் ஆராய்ச்சிக் கட்டுரைகள் நாள்தோறும் மலைபோல் குவிகின்றன. பல்கலைக் கழகங்களில் ஒவ்வொன்றுக்கும் தனிக் கட்டடம், தனிப் பேராசிரியர், தனிப் பட்டம். ஒரு கட்டடத்தில் நடப்பது அடுத்த கட்டடத்துக்குத் தெரியாது என்று அங்கிருப்போரே குறைபட்டுக் கொள்வதுண்டு.

ஆனால், மேற்கு மலையடிவாரத்தில், வத்திராயிருப்புக்குப் பக்கத்தில் இருக்கிற வ. புதுப்பட்டிக்கு வந்து பாருங்கள். நான்கு துறைகளும் அங்கே ஒரே சொல்லில் அடங்கிக் கிடக்கின்றன. அந்தச் சொல், "மருந்து".

காய்ச்சல் கண்டால் ஆஸ்பத்திரியில் வாங்குவது மருந்து. பயிரில் பூச்சி விழுந்தால் தெளிப்பானை முதுகில் மாட்டிக்கொண்டு அடிப்பதும் மருந்து. சிவகாசி வட்டாரத்துப் பட்டாசு ஆலைகளில் கலப்பதும், இடிப்பதும், குழாயில் செலுத்துவதும் மருந்து. ஒன்று உடலைக் காக்கிறது. ஒன்று பயிரைக் காக்கிறது. ஒன்று வயிற்றைக் காக்கிறது. விவரம் அறியாமல் கையாண்டால் மூன்றும் உயிரைக் குடிக்கின்றன!

இந்த மூன்று மருந்தையும் அன்றாடம் தொடுகிறவன் யார்? உழைப்பாளி. இந்த மூன்று மருந்தைப் பற்றியும் உலகெங்கும் ஆராய்ந்து எழுதப்பட்டிருப்பதை அறியாதவன் யார்? அதே உழைப்பாளி. தொடுகிறவனுக்குத் தெரியவில்லை; தெரிந்தவர் தொடுவதில்லை. இந்த இடைவெளியைப் பற்றித்தான் இன்று நாம் பேச விரும்புகிறோம்.

கை முந்தியது, கருவி பிந்தியது

ஆராய்ச்சி என்றதும் "அது படித்தவர் சமாச்சாரம், நமக்கென்ன?" என்று ஒதுங்கும் தோழர்கள் உண்டு. அவர்கள் கீழடியை நினைத்துப் பார்க்க வேண்டுகிறோம்.

கீழடியில் கிடைத்த மண்பாண்டச் சில்லுகளின் உட்புறத்தில் கறுப்பாக ஒரு பூச்சு இருக்கிறது. இரண்டாயிரம் ஆண்டுக்கு மேல் மண்ணுக்குள் கிடந்தும் அழியாத பூச்சு. அதை வேலூர் வி.ஐ.டி. ஆராய்ச்சியாளர்கள் நுண்கருவிகளின் கீழ் வைத்துப் பார்த்தார்கள். அதில் இருந்தவை "கார்பன் நானோ குழாய்கள்". கண்ணுக்குத் தெரியாத அளவு மெல்லிய கரிக் குழாய்கள். 2020-ம் ஆண்டில் விஞ்ஞான ஏட்டில் அதை வெளியிட்டபோது உலகம் வியந்தது. இன்று பெரும் பொருட்செலவில் ஆலைகளில் செய்யப்படும் பொருள் அது. கி.மு. 6-ம் நூற்றாண்டுக்கும் 3-ம் நூற்றாண்டுக்கும் இடையே, பெயர் தெரியாத ஒரு குயவர் தம் சூளையில் அதை உண்டாக்கியிருக்கிறார்!

அதுபோலத்தான் இரும்பும். தூத்துக்குடி மாவட்டம் சிவகளையில் கிடைத்த மாதிரிகளை அகமதாபாத், லக்னோ, அமெரிக்கா ஆகிய இடங்களில் உள்ள ஆய்வுக் கூடங்களுக்கு அனுப்பிக் காலம் கணித்து, தமிழ் நிலத்தில் இரும்பின் வயது சுமார் 5,300 ஆண்டு எனத் தமிழக அரசு 2025 ஜனவரி 23-ல் அறிவித்தது. அந்த இரும்பை உருக்கியவர் பட்டம் பெற்றவரா? உலைக்களத்தில் வெந்தவர். நம் விருதுநகர் மாவட்டத்திலேயே, வைப்பாற்றங்கரையில், வெம்பக்கோட்டை விசயகரிசல்குளத்தில் 2022 முதல் நடந்த அகழாய்வில் சங்கு வளையலும் கண்ணாடி மணியும் சுடுமண் பொம்மையும் ஆயிரக் கணக்கில் வெளிவந்தன. அத்தனையும் கைத்தொழிலாளர் விட்டுச் சென்ற சாட்சியம்.

ஆகவே, ஆராய்ச்சி நமக்கு அன்னியமல்ல. கை முதலில் செய்தது. கருவி பின்னால் வந்து பெயர் வைத்தது. பெயர் வைத்ததில் தவறில்லை. ஆனால் அந்தப் பெயரும் அதன் பொருளும் கைக்குத் திரும்பி வந்தனவா என்பதே நம் கேள்வி.

வெடி மருந்து

இந்திய நாட்டுப் பட்டாசில் பெரும்பகுதி செய்வது சிவகாசி வட்டாரம். அங்கே விபத்து நேரும்போதெல்லாம் பத்திரிகையில் ஒரே வரியைப் படிக்கிறோம்: "உராய்வினால் தீப்பிடித்தது". 2012 செப்டம்பர் 5-ந் தேதி முதலிப்பட்டியில் 38 பேர் மாண்டபோதும் தேசமே பேசியது. மாண்டவர்களில் பலர் அந்த ஆலையில் வேலை செய்தவர்களே அல்லர். புகையைக் கண்டு, உதவலாம் என்றும், என்னவென்று பார்க்கலாம் என்றும் ஓடி வந்த ஊர் மக்கள். ஆலைக்குள் இருப்பது எது, அது எப்படி வெடிக்கும் என்று ஊருக்குத் தெரிந்திருந்தால் அவர்கள் அந்தப் பக்கம் ஓடியிருப்பார்களா?

உராய்வு என்று ஒரே சொல்லில் முடித்துவிடுகிறார்கள். ஆனால் உராய்ந்தது எது, ஏன் அது அவ்வளவு எளிதில் பற்றியது? பொருள் விஞ்ஞானம் இதற்குத் தெளிவாக விடை சொல்கிறது.

ஒரு விறகுக் கட்டையைத் தீக்குச்சியால் பற்ற வைக்க முடியாது. அதையே சீவலாக்கினால் பற்றும். தூளாக்கிக் காற்றில் பறக்க விட்டால் குப்பென்று எரியும். காரணம் என்ன? பொருள் சிறிதாகச் சிறிதாக அதன் மேற்பரப்பு பெருகுகிறது. ஒரு சென்டிமீட்டர் அளவுள்ள கனசதுரக் கட்டிக்கு மேற்பரப்பு 6 சதுர சென்டிமீட்டர். அதை ஒரு மில்லிமீட்டர் துண்டுகளாக்கினால் 60. மில்லிமீட்டரிலும் ஆயிரத்தில் ஒரு பங்காக அரைத்தால் 6 சதுர மீட்டர்! விரல் நுனியில் நின்ற கட்டி ஒரு சிற்றறையின் தரையளவுக்கு விரிந்துவிட்டது. அத்தனை பரப்பும் தீயை எதிர்பார்த்து நிற்கிறது.

பட்டாசுக்குப் போடும் அலுமினியப் பொடி இந்த ரகம்தான். பெரிய துகளாக இருந்தால் அது தீப்பிடிக்கச் சுமார் 2,000 டிகிரி வெப்பம் வேண்டும். மிக நுண்ணிய துகளாக இருந்தால் 1,000 டிகிரிக்கும் கீழேயே பற்றிக்கொள்ளும். அலுமினியம் அதே அலுமினியம்தான். பையின் மேல் உள்ள பெயரும் மாறவில்லை. பொடியின் நுண்மை மட்டுமே மாறிற்று. நேற்று வரை ஆபத்தில்லாமல் கலந்த கை, இன்று அதே கலவையில் கருகுகிறது.

இன்னொன்று, ஈரம். தண்ணீர் தீயை அணைக்கும் என்பது நாம் பிள்ளைப் பருவம் முதல் அறிந்த பாடம். ஆனால் அலுமினியப் பொடி கலந்த மருந்தில் ஈரம் பட்டுத் தங்கினால், அது நீரோடு வினைபுரிந்து வெப்பத்தையும் ஹைட்ரஜன் வாயுவையும் வெளியிடும். கூட நைட்ரேட் உப்பும் இருந்தால் வேகம் மிகும். யாரும் நெருப்பு வைக்காமல், யாரும் உராயாமல், தானாகவே சூடேறிப் பற்றிக்கொள்ளும். மிச்ச மருந்தை இரவில் அறையில் வைக்கக் கூடாது என்று சொல்வது இதனால்தான். "வைக்காதே" என்ற கட்டளை தொழிலாளிக்கு வருகிறது. "ஏன்" என்ற காரணம் வருவதில்லை. காரணம் தெரியாத கட்டளையை அவசரமும் கூலியும் சேர்ந்து ஒருநாள் மீறச் செய்யும். காரணம் தெரிந்தவன் எளிதில் மீறமாட்டான்.

2018 அக்டோபர் 23-ல் உச்ச நீதிமன்றம் பேரியம் உப்பையும் சரவெடியையும் தடுத்தது. பசுமைப் பட்டாசுக்கு வழி விட்டது. நாகபுரியில் உள்ள தேசியச் சுற்றுச் சூழல் பொறியியல் ஆராய்ச்சி நிறுவனம், புகைத் தூசு 30 சதவிகிதமாவது குறையும்படி புதிய கலவைகளை வகுத்தது. காற்று கெடக் கூடாது என்பதில் நமக்கு இருவேறு கருத்தில்லை. குழந்தைகளின் மூச்சு நமக்கும் அருமையானதே. ஆனால் நாம் கேட்கிறோம்: டில்லி நகரத்துக் காற்றை அளந்த அக்கறையோடு, பத்தடி மருந்து அறைக்குள் நாளெல்லாம் உட்கார்ந்திருப்பவர் மூச்சில் போகும் பொடியையும் அளக்க வேண்டாமா? புதிய கலவையில் எது பழையதைவிட ஆபத்து, எது குறைவு என்று, அதைக் கலக்கும் கையிடம் அதன் மொழியில் சொல்ல வேண்டாமா?

பூச்சி மருந்து

வயலுக்கு வருவோம். பூச்சி மருந்துக் குப்பியில் சாய்சதுரமாக ஒரு முத்திரை இருக்கும். அதன் கீழ்ப் பாதியில் ஒரு நிறம். சிவப்பு என்றால் கொடிய நஞ்சு. மஞ்சள், அதற்கு அடுத்தது. நீலம், நடுத்தரம். பச்சை, எல்லாவற்றிலும் குறைந்தது. குறைந்ததே தவிர, நஞ்சு இல்லை என்று பொருளல்ல. "பச்சைதானே" என்று வெறுங்கையால் கலக்குவோர் இதைக் குறித்துக்கொள்ள வேண்டும். முத்திரையின் பொருளை எறும்பெழுத்தில் அச்சிட்டுக் குப்பிக்குள் அடக்கிவிட்டால் அறிவித்ததாக ஆகிவிடாது.

ஆராய்ச்சி மக்களுக்குப் பயன்பட்டதற்கு எடுத்துக்காட்டு வேண்டுமா? கடல் தாண்டி இலங்கையைப் பாருங்கள். பூச்சி நஞ்சால் ஆண்டுதோறும் ஆயிரக் கணக்கானோர் அங்கே உயிரை மாய்த்துக்கொண்ட காலம் ஒன்று இருந்தது. வேலையில்லை, கடன், போர் என்று காரணங்களை அடுக்கினர். மருத்துவர்களோ ஆஸ்பத்திரி ஏடுகளைப் புரட்டி, எந்த நஞ்சைக் குடித்தவர் பிழைக்கிறார், எந்த நஞ்சைக் குடித்தவர் பிழைப்பதில்லை என்று பிரித்துக் கணக்கெடுத்தார்கள். அரசு கொடிய நஞ்சுகளை 1995 முதல் படிப்படியாகத் தடுத்தது. இருபது ஆண்டுகளில் அந்நாட்டில் தற்கொலைச் சாவு மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் குறைந்தது. ஒரு கண நேரக் கலக்கத்தில் கைக்கு எட்டியது கொடிய நஞ்சாக இல்லாததால் பிழைத்தவர் எத்தனை பேர்! நெல் விளைச்சலும் அதனால் குறைந்துவிடவில்லை என்று ஆய்வுகள் கூறின. மருத்துவமும் சமுதாய இயலும் சட்டமும் கை கோத்தால் இது நடக்கும். வறுமையை ஒழிக்கும் வரை காத்திராமல், நஞ்சை ஒழித்தே பல்லாயிரம் உயிரைக் காத்தார்கள்.

மில் தொழிலாளியின் திங்கட்கிழமை

இராசபாளையத்தில் நூல் மில்கள். பக்கத்துச் சத்திரப்பட்டியில் பேண்டேஜ் துணி நெய்யும் தறிகள். நாட்டின் பல ஆஸ்பத்திரிகளில் காயத்துக்குக் கட்டும் துணி இந்த மண்ணின் உழைப்பு. பச்சைப் பஞ்சின் மேல் மெழுகுப் பசை இருக்கிறது. அதை வேக வைத்து நீக்கி, வெளுத்தால்தான் துணி இரத்தத்தை உறிஞ்சும். இதுவும் பொருள் விஞ்ஞானமே. ஊரார் புண்ணை ஆற்றும் துணியைத் தருகிறோம். நம் நெஞ்சில் விழும் புண்ணைக் கவனிக்கிறோமா?

வார விடுமுறை முடிந்து மில்லுக்குள் நுழைந்த அன்று நெஞ்சு இறுகுவதாகவும், மறுநாள் அது தணிவதாகவும் பஞ்சாலைத் தொழிலாளர் பல நாடுகளில் சொல்லி வந்தனர். "சோம்பல்", "வேலைக்கு வர மனமில்லை" என்றனர் மேஸ்திரிகள். 1950-களில் மான்செஸ்டர் பல்கலைக் கழகத்தின் டாக்டர் ரிச்சர்டு ஷில்லிங், லங்காஷயர் மில்களுக்குப் போய்த் தொழிலாளரிடம் ஒரு கேள்வி கேட்டார்: திங்கட்கிழமை மட்டும் நெஞ்சு இறுகுகிறதா, மற்ற நாட்களிலும் இறுகுகிறதா? அவர்கள் சொன்ன விடையை வைத்தே நோயைப் படி படியாகப் பிரித்தார். பைசினோசிஸ் என்ற பஞ்சுத் தூசு நோயை இன்றும் மருத்துவர்கள் இந்தக் கேள்வியைக் கொண்டே அடையாளம் காண்கின்றனர். பஞ்சோடு ஒட்டி வரும் நுண்கிருமிகளின் நச்சு மூச்சில் போவதே முக்கியக் காரணம் என்று பின்னர் வந்த ஆய்வுகள் காட்டின. தொடக்கத்தில் தணிந்துவிடும் இறுக்கம், ஆண்டுகள் செல்லச் செல்ல எல்லா நாளும் நிலைத்துவிடும்; பிறகு திரும்ப வழியில்லை.

இதில் நமக்குப் பாடம் இரண்டு. முதலாவது: தொழிலாளியின் வாய்ச் சொல்லே இங்கே மருத்துவக் கருவி ஆயிற்று. அவன் சொன்னதைச் சோம்பல் என்று தள்ளியவர் தோற்றார். காது கொடுத்துக் கேட்டவர் நோயைக் கண்டார். இரண்டாவது: இந்த நோய் நம் நாட்டுச் சட்டத்தின் தொழில் நோய்ப் பட்டியலில் இருக்கிறது, அதற்கு நஷ்ட ஈடு கேட்கும் உரிமை உண்டு. ஆனால் "வேலைக்குப் போன முதல் நாள்தான் இறுகுகிறது" என்று டாக்டரிடம் சொல்லத் தெரிந்தவனுக்கல்லவா அந்த உரிமை பயன்படும்? "இருமல்" என்று மட்டும் சொன்னால் இருமல் மருந்தோடு வீடு திரும்புவான்.

"தமிழில் முடியுமா?"

இவ்வளவையும் தமிழில் சொல்ல முடியுமா என்று உதட்டைப் பிதுக்குவோர் இன்றும் இருக்கின்றனர். அவர்களுக்கு யாழ்ப்பாணத்தைக் காட்டுகிறோம்.

அமெரிக்காவிலிருந்து 1847-ல் யாழ்ப்பாணம் வந்த டாக்டர் சாமுவேல் கிரீன், தமிழ் கற்றார். தம் மாணாக்கரோடு சேர்ந்து மேலை மருத்துவ நூல்களைத் தமிழாக்கினார். உடற்கூறு, பிரசவம், இரண வைத்தியம், இரசாயனம் எல்லாம் தமிழில் வந்தன. இங்கிலாந்தின் புகழ்பெற்ற கிரே என்பாரின் உடற்கூற்று நூல் 1872-லேயே "மனுஷ அங்காதிபாதம்" என்ற பெயரில் தமிழில் அச்சேறிற்று. 1860-களில் அவர் தமிழிலேயே பாடம் நடத்தினார்; தமிழில் படித்தவர்கள் டாக்டர்களாகி ஊர்களில் தொழில் புரிந்தனர். அவர் பரப்ப வந்த சமயத்தைப் பற்றி நமக்கு ஏதும் இல்லை. மக்களுக்குத் தொண்டு செய்யும் டாக்டர், மக்கள் மொழியில் படிக்க வேண்டும் என்று ஒரு வெள்ளையருக்குத் தோன்றியதே, அதுதான் நமக்கு வேண்டும். நூற்றைம்பது ஆண்டுக்கு முன் அறுவை மருத்துவம் பேசிய தமிழுக்கு, இன்று அலுமினியப் பொடியைப் பற்றிப் பேச வலுவில்லையா?

மொழி ஆராய்ச்சியும் இதையேதான் வேறு வழியில் உணர்த்துகிறது. 2018-ல் ஜெர்மனியின் மாக்ஸ் பிளாங்க் நிறுவனத்தாரும் டேராடூனின் இந்திய வனவுயிர் நிறுவனத்தாரும் சேர்ந்து 20 திராவிட மொழிகளை ஆராய்ந்து, இக்குடும்பத்தின் வயது ஏறத்தாழ 4,500 ஆண்டு என்று கணக்கிட்டனர். எதைக் கொண்டு? கல்வெட்டைக் கொண்டல்ல, ஓலையைக் கொண்டல்ல. அந்த மொழிகளைப் பேசும் மக்களின் வாயிலிருந்து நேரே கேட்டுத் திரட்டிய அன்றாடச் சொற்களைக் கொண்டு. சொல்லைத் தரும் சாமானிய மனிதன், அதிலிருந்து பிறந்த அறிவைப் பெறத் தகுதியற்றவனா?

"சொன்னால் தொழிலாளி பயந்துவிடுவான், தொழில் கெடும்" என்கிறார்கள் சிலர். லாரி ஓட்டுகிறவனுக்குப் பிரேக் எப்படி வேலை செய்கிறது என்று சொன்னால் அவன் ஓட்டுவதை விட்டுவிடுகிறானா? நன்றாக ஓட்டுகிறான். அறிவு அச்சத்தைத் தருவதில்லை. அச்சத்தை வேண்டிய இடத்தில் நிறுத்துகிறது.

நாம் கேட்பது என்ன?

ஆராய்ச்சியாளரைப் பழிப்பது நம் நோக்கமல்ல. கண் விழித்து உழைப்பவர்கள் அவர்கள். ஆனால் ஆராய்ச்சியில் பெரும்பகுதி மக்கள் வரிப்பணத்தில் நடக்கிறது. தீப்பெட்டிக்கும் பட்டாசுக்கும் துணிக்கும் வரி கட்டியவன், தன் பங்கைக் கேட்கிறான், அவ்வளவே.

முதலாவதாக, இந்த மாவட்டத்தின் தொழிலைப் பற்றியோ, தொழிலாளியின் உடலைப் பற்றியோ யார் ஆராய்ந்தாலும், அதன் சாரத்தை நான்கு பக்கம் எளிய தமிழில் எழுதி, ஆராயப்பட்ட ஊருக்கு அனுப்ப வேண்டும். புதுப்பட்டியிலிருந்து பஸ் ஏறிப் போகும் தொலைவில், கிருட்டிணன்கோவிலில், ஒரு பல்கலைக் கழகமே இருக்கிறது. ஊருக்கும் ஆய்வுக் கூடத்துக்கும் இடையே பாதை போட இந்த வட்டாரத்தைவிட வசதியான இடம் எது?

இரண்டாவதாக, மருந்து அறைக் கதவில் உள்ளே இருக்கும் பொருளின் பெயர், அதன் நுண்மை, அது எதனோடு சேரக் கூடாது, ஏன் சேரக் கூடாது - இந்த நான்கும் பெரிய தமிழ் எழுத்தில் இருக்க வேண்டும். இது சலுகை அல்ல. 1984-ல் போபாலில் நச்சுவாயுவால் ஆயிரக் கணக்கானோர் மாண்டபின், 1987-ல் தொழிற்சாலைச் சட்டத்தைத் திருத்தி, தான் கையாளும் பொருளின் ஆபத்தைத் தெரிந்துகொள்ளும் உரிமையைத் தொழிலாளிக்கு எழுதிக் கொடுத்தார்கள். பிணங்களின் மேல் எழுதப்பட்ட உரிமை அது. சட்டங்களின் பெயரும் தொகுப்பும் மாறினாலும் அந்த உரிமையை ஓரங்குலமும் விட்டுக் கொடுக்கலாகாது.

மூன்றாவதாக, நம் தோழர்களுக்கே ஒரு வேலை. படிப்பகங்களில் பத்திரிகை படித்து அரசியல் கற்ற இயக்கத்தார் நாம். எழுதப் படிக்கத் தெரியாதவருக்குச் சுற்றி உட்கார்ந்து வாசித்துக் காட்டிய பழக்கம் நமக்கு உண்டு. அந்தப் பழக்கத்தை மறுபடி எடுப்போம். வாரத்தில் ஒரு மாலை, பூச்சி மருந்துக் குப்பியோடு வரும் தாளை ஒருவர் உரக்கப் படிக்கட்டும். மறுவாரம், மில்லில் வேலை செய்வோர் தம் மூச்சைப் பற்றிச் சொல்லட்டும். ஒருவர் தேதியிட்டு எழுதி வைக்கட்டும். அதற்கடுத்த வாரம், பட்டாசு ஆலையில் தப்பிப் பிழைத்த அனுபவம் உள்ளவர் பேசட்டும். ஒரு நோட்டுப் புத்தகமும் ஒரு பென்சிலும் போதும். லங்காஷயரில் டாக்டர் ஷில்லிங் தொடங்கியதும் கேள்வியும் விடையும் கொண்டுதான்.

அப்படி எழுதிய நோட்டுப் புத்தகத்தோடு வ. புதுப்பட்டித் தோழர் ஒருவர் பல்கலைக் கழகத்துப் படியேறி, "ஐயா, எங்கள் ஊரில் இது நடக்கிறது. ஏன் என்று ஆராய்ந்து சொல்லுங்கள். தமிழில் சொல்லுங்கள்" என்று கேட்கட்டும். கேட்கும் உரிமை அவருக்கு உண்டு. சொல்லும் கடமை அவர்களுக்கு உண்டு.

மருந்து என்ற சொல்லை நம் மக்கள் மூன்று பொருளில் வழங்குகிறார்கள். அறியாமைக்கு மருந்து என்று நான்காவதாக ஒன்றும் இருக்கிறது. அதை இறக்குமதி செய்ய வேண்டியதில்லை. லைசென்சும் தேவையில்லை. அது நம் மொழியில், நம் ஊரில், நம் கைகளாலேயே கலக்க வேண்டிய மருந்து. கலப்போம், தோழர்களே!